சூயஸின் மேல் ஒட்டிய தாள்: உலக வரைபடத்தை வைத்து இந்திய வரலாறு நடத்துவது எப்படி?

சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகையை நடத்திக்கொண்டிருந்தேன். வாஸ்கோடகாமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த வழியைச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் குச்சியால் காட்டியபோது, மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து, "சார், இங்கேயே குறுக்கு வழி இருக்கே, அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் சுத்தி வந்தாரு?" என்று கேட்டாள். அவள் விரல் சூயஸ் கால்வாயின் மேல் இருந்தது. அந்தக் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். ஆனால் 1498இல் நடந்ததை விளக்க இன்றைய உலகத்தைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன் என்பது அன்று மாலை வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் ஒரே பாடநூலில் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் இரண்டையும் நடத்துகிறார். இருந்தும் பருவக்காற்றை ஒரு மாதத்திலும், அந்தக் காற்றில் வந்து இறங்கியவர்களை வேறொரு மாதத்திலும் நடத்துவதால், மாணவருக்கு இரண்டும் ஒட்டுவதே இல்லை. புதிதாகப் பணிக்கு வந்திருப்பவர்கள் இவற்றை எப்படிச் சேர்த்து நடத்தலாம் என்பதற்கு, பல ஆண்டு தவறிக் கற்றுக்கொண்ட ஒரு வரிசையை இங்கே தருகிறேன்.

பள்ளி தொடங்கும் முன்: பாடங்களைக் கோத்துக்கொள்ளுதல்

ஜூன் மாதம் பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது வரலாற்று அலகுகளை ஒரு தாளின் இடப்பக்கத்திலும் புவியியல் அலகுகளை வலப்பக்கத்திலும் எழுதி, எதற்கு எது காரணமாக நிற்கிறதோ அவற்றைக் கோடிட்டு இணையுங்கள். காலநிலை என்ற அலகுக்கு எதிரே கடல் வாணிகமும் பஞ்சங்களும் வரும். மண் வகைகளுக்கு எதிரே பருத்தியும் விவசாயிகளின் எழுச்சியும் வரும். நீரிணைகளும் கால்வாய்களும் குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிரே வந்து நிற்கும். எல்லாவற்றையும் இணைத்தே தீர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ஓர் ஆண்டில் நான்கைந்து இணைப்புகளை நன்றாக நடத்தினால் போதும். மற்ற அலகுகளை வழக்கம்போலவே நடத்திச் செல்லலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஓர் உலக உருண்டை, ஒரு பந்து நூல், ஓர் அளவுகோல், சுவரில் தொங்கும் உலக வரைபடம், மாணவர் ஒவ்வொருவருக்கும் உலகத்தின் வெற்று வரைபடத் தாள் இரண்டு ஆகியவை தேவை. திறன்பலகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாடம் குறையாது. இந்திய வரைபடத்துக்கு மட்டும் இந்திய நில அளவைத் துறையின் எல்லைக்கோட்டைப் பின்பற்றிய தாளையே பயன்படுத்துங்கள்; இணையத்தில் கிடைத்ததை அப்படியே அச்செடுத்தால் எல்லை பிழையாக இருக்கக்கூடும்.

முதல் பாடவேளை: வரைபடத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தல்

எந்த வரலாற்றையும் தொடங்கும் முன், ஒரே ஒரு பாடவேளையை வரைபடத்துக்கே ஒதுக்குங்கள். பல பள்ளிச் சுவர்களில் தொங்குவது, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படம். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரியும். கிரீன்லாந்து பெரியதா, இந்தியா பெரியதா என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். அனேகமாக வகுப்பு முழுவதும் கிரீன்லாந்துக்குத்தான் கை தூக்கும். இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 22 லட்சம், ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உருண்டையைக் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னால் மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அதே பாடவேளையில் நூலால் அளப்பதையும் பழக்கிவிடுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் நடுக்கோட்டைச் சுற்றி நூலை வைத்தால் ஏறத்தாழ 94 செ.மீ. வரும், பூமியின் சுற்றளவு சுமார் 40,075 கி.மீ. என்பதால் ஒரு செ.மீ. நூல் ஏறக்குறைய 425 கி.மீ. ஆகும். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். ஆண்டு முழுவதும் இது பயன்படும்.

வரைபடத்துக்கே ஒரு வரலாறு உண்டு என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்ததிலிருந்துதான், நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்து பின்னர் இமயமலை வரை சென்ற மாபெரும் முக்கோணவியல் அளவை வளர்ந்தது. ஆள வந்தவர்கள் நிலத்தை அளந்ததற்கு அறிவியல் ஆர்வத்தோடு ஆட்சித் தேவையும் காரணம் என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பாடவேளையின் முடிவில், சூயஸ் கால்வாயின் மேலும் பனாமா கால்வாயின் மேலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுங்கள். என் முதல் ஆண்டு மாணவி கற்றுக்கொடுத்த பாடம் இது. 1869க்கு வரும்வரை சூயஸ் தாளையும், 1914க்கு வரும்வரை பனாமா தாளையும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் விசாரிக்கத் தொடங்குவார்கள், சொல்லாதீர்கள்.

காற்றுப் பாடம்: இதில் நேரம் செலவழியுங்கள்

ஓர் ஆண்டில் ஒரே ஓர் இணைப்பைத்தான் நடத்த முடியும் என்றால் பருவக்காற்றைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒரு டம்ளரில் மணலும் மற்றொன்றில் அதே அளவு தண்ணீரும் எடுத்து, முற்பகல் வெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். மணலில் வெப்பம் விரைவாக ஏறியிருக்கும். கோடையில் ஆசியாவின் நிலப்பரப்பு இப்படிச் சூடேறுவதால் காற்றழுத்தம் குறைந்து, கடலிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது; குளிர்காலத்தில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று திரும்பி வீசுகிறது. டம்ளரைப் பார்த்தவர்களுக்கு இதை நான்கு முறை சொல்ல வேண்டியிருக்காது. தென்மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குக் காற்று அக்டோபர் முதல் டிசம்பரும் தாண்டி என்று இரண்டு வண்ணத்தில் வெற்று வரைபடத்தில் அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

இப்போது அந்த அம்புக்குறிகளின் மேல் வரலாற்றை வையுங்கள். காமா ஆப்பிரிக்காவின் மாலிந்தித் துறையிலிருந்து 1498 ஏப்ரல் 24இல் புறப்பட்டு மே 20இல் கோழிக்கோட்டை அடைந்தார். திரும்பும்போது ஆகஸ்ட் 29இல் கோழிக்கோட்டை விட்டவர் 1499 ஜனவரி 7இல்தான் மாலிந்தியை அடைந்தார். இந்த நான்கு தேதிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நாள்களை எண்ணச் சொல்லுங்கள். போக 26 நாள், திரும்ப 131 நாள் என்று வரும். கோவாவுக்குத் தெற்கே அஞ்சதீவில் தங்கிய நாள்களைக் கழித்தாலும், கடலைக் கடக்க மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருக்கிறது. தூரம் மாறவில்லை, கப்பலும் மாறவில்லை, பின் ஏன் இப்படி ஆனது என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். வகுப்பில் சில நிமிடம் கூச்சல் இருக்கும். புயல், கடற்கொள்ளையர், கப்பல் ஓட்டை என்று என்னென்னவோ சொல்வார்கள். யாராவது ஒருவர் தம் வரைபடத்தின் அம்புக்குறியைப் பார்த்து, காற்று எதிரே இருந்தது என்று சொல்லும் வரை காத்திருங்கள். போகும்போது பருவக்காற்றின் தொடக்கம் கைகொடுத்தது, வழி தெரிந்த மாலுமி ஒருவரும் மாலிந்தியில் கிடைத்தார். திரும்பும்போது வடகிழக்குக் காற்று நிலைபெறும் வரை பொறுக்காமல் கிளம்பி, எதிர்க்காற்றிலும் காற்றே இல்லாத நாள்களிலும் மாட்டிக்கொண்டார்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் பலர் இறந்து, கப்பல் ஓட்ட ஆள் பற்றாமல் சாவோ ரஃபேல் என்ற கப்பலைக் கொளுத்திவிட்டு மேலே சென்றார்கள். காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார் என்று பாடநூல்களில் எழுதப்படுவதை இந்த இடத்தில் மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் அரபிக்கடலில் வழி ஏற்கெனவே இருந்தது என்பதும், வந்தவருக்குத்தான் அது புதிது என்பதும் தேதிகளிலேயே தெரிகிறது.

அடுத்த பாடவேளையில் காலத்தைப் பின்னோக்கித் தள்ளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, எகிப்திலிருந்து கப்பல்கள் கோடை நடுவில் கிளம்பும் என்றும், செங்கடல் வாயிலில் உள்ள ஒசேலிஸ் துறையிலிருந்து காற்று சாதகமாக இருந்தால் 40 நாளில் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியை அடையலாம் என்றும், டிசம்பர் வாக்கில் அவை திரும்பும் என்றும் எழுதியிருக்கிறார். அதே முசிறியில் யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே துறையில் அகழ்ந்தபோது, இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. போன இடத்துச் சான்று, வந்த இடத்துச் சான்று, நடுவில் காற்று என்று மூன்றையும் ஒரே நூலால் உருண்டையில் இணைத்துக் காட்டினால், அந்தப் பாட்டைத் தமிழாசிரியர் நடத்தும்போதும் மாணவர்கள் முசிறியைத் தேடுவார்கள். தமிழாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இரண்டு பாடங்களும் ஒரே வாரத்தில் அமையும். அதற்கு அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொடுக்க நேரலாம்.

கறி என்றால் மிளகு என்று விளக்கும்போது, மதிய உணவுத் தட்டையும் வரைபடமாக்கலாம். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, முந்திரி, கொய்யா, அன்னாசி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகின் காரத்தை ஒத்திருந்ததால் புதிய காய்க்கு மிளகாய் என்று பெயர் வந்தது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்ற சொற்களும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவையே. எத்தனை பொருளுக்கு உலக வரைபடத்தில் கோடு போட முடிகிறது என்று குழுவாகப் போட்டி வைத்தால் அந்த நாள் நன்றாகக் கழியும்.

கரிசல் மண்ணும் மிசிசிப்பி ஆறும்

இரண்டாவது இணைப்பாக நான் பரிந்துரைப்பது பருத்தி. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இது தங்கள் காலடி மண்ணின் கதை. தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவான கரிசலை மண் வகைகள் பாடத்தில் நடத்தி முடித்த மறுநாளே இதைத் தொடங்குங்கள்.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதால் மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போகவில்லை. ஆலைகள் இந்தியப் பருத்தியின் பக்கம் திரும்பின. பம்பாயில் விலை ஏறி, பங்கு வாணிகம் வெறிபிடித்தாற்போல் நடந்தது. கடன் எளிதாகக் கிடைத்ததால் தக்காண விவசாயிகள் கடன் வாங்கிப் பருத்தி போட்டார்கள். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் வங்கிகள் கவிழ்ந்தன. விவசாயியின் கடன் மட்டும் அப்படியே நின்றது. வரிச்சுமையும் சேர்ந்துகொள்ள, 1875 மே மாதம் புனே மாவட்டத்தின் சுபா என்ற ஊரில் தொடங்கி, விவசாயிகள் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள்.

நடத்தும் முறை இதுதான். மூன்று மாணவர்களை நியூ ஆர்லியன்ஸ், லிவர்பூல், பம்பாய் என்று வகுப்பின் மூன்று மூலைகளில் நிறுத்தி, நான்காமவரைச் சுபா விவசாயியாக நடுவில் உட்கார வையுங்கள். நியூ ஆர்லியன்ஸ் கையில் உள்ள நூலை அறுத்தவுடன் மற்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்று அவரவரே பேச வேண்டும். விவசாயியாக உட்கார்ந்திருப்பவர், "போர் நடந்தது அங்கே, நான் ஏன் கடன்காரன் ஆனேன்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, பதிலை மறுநாள் எழுதி வரச் சொல்லுங்கள்.

தாளைக் கிழிக்கும் நாள்

பாடம் 1869 நவம்பர் 17க்கு வரும்போது, அன்று யாருடைய பிறந்தநாளோ அவரைக் கூப்பிட்டுச் சூயஸ் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். உடனே நூலை எடுத்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு இரண்டு வழியையும் அளக்க வேண்டும். நன்னம்பிக்கை முனை வழி சுமார் 20,000 கி.மீ., அதாவது உருண்டையில் ஏறத்தாழ 47 செ.மீ. நூல், சூயஸ் வழி சுமார் 11,600 கி.மீ., அதாவது 27 செ.மீ. மிச்சமாகும் 20 செ.மீ. நூலைக் கத்தரித்து வகுப்பில் காட்டுங்கள்.

செங்கடலில் பாய்மரக் கப்பல்களுக்குக் காற்று தொல்லை தந்ததால், கால்வாய் நீராவிக் கப்பலுக்குத்தான் முழுதாகப் பயன்பட்டது. இந்தியாவுக்கான வழியில் அமைந்த கால்வாயைக் கைவிட முடியாத பிரிட்டன், 1875இல் அதில் எகிப்துக்கு இருந்த பங்குகளை வாங்கி, 1882இல் எகிப்தையே ஆக்கிரமித்தது. 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறிய காந்தி, சட்டம் படிக்க லண்டன் போனதும் இந்த வழியில்தான். 1956இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கி, அதைத் தொடர்ந்து போர் மூண்டு ஓய்ந்தபோது, ஐ.நா. அவசரப் படையில் விடுதலை பெற்ற இந்தியாவின் வீரர்களும் அங்கே நின்றார்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழி அடைபட்ட செய்தியைச் சேர்த்தால், இந்த 20 செ.மீ. நூலின் மதிப்பு இன்றைய மாணவருக்கும் விளங்கும்.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

புவியியலை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்ற மயக்கம் இந்த முறையில் எளிதாக வந்துவிடும். அதற்கு நான் வைத்திருக்கும் மாற்று மருந்து செங் ஹோ. காமாவுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுக்கு முன்பே, இதே காற்றில், மிகப் பெரிய கப்பல்களோடு சீனத் தளபதி செங் ஹோ கோழிக்கோட்டுக்கு வந்தார். 1409ஆம் ஆண்டிட்டு அவர் வைத்த சீனம், தமிழ், பாரசீகம் என்ற மும்மொழிக் கல்வெட்டு இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. 1433க்குப் பின் சீனாவின் மிங் அரசு அந்தப் பயணங்களைக் கைவிட்டது. போர்த்துக்கீசிய அரசோ பீரங்கியோடு வந்து கோட்டை கட்டியது. காற்று இருவருக்கும் ஒன்றாக இருந்தும் ஏன் இரண்டும் வேறு வேறாக முடிந்தன என்று கேட்டால், அரசுகளின் முடிவு, பணம், மதம், ஆயுதம் என்று மாணவர்கள் வரைபடத்துக்கு வெளியே தேடுவார்கள். அவர்கள் அங்கே தேடத்தான் வேண்டும்.

இரண்டாவது சறுக்கல், பாடநூல் வாக்கியத்தை வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் ஒப்பிப்பது. 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்ததால் வழி அடைபட்டு ஐரோப்பியர் புதிய வழி தேடினார்கள் என்பது நாம் அனைவரும் படித்த வாக்கியம். மிளகு பெருமளவில் சென்ற வழி செங்கடல், எகிப்து, வெனிஸ் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். எகிப்து துருக்கியர் கைக்குப் போனது 1517இல்தான். போர்த்துக்கீசியர் வட ஆப்பிரிக்காவின் சேயுட்டாவைப் பிடித்ததோ 1415இல். இடைத்தரகர் விலையும், வெனிஸ் வாணிகத்தின் மேல் இருந்த பொறாமையும், ஆப்பிரிக்கத் தங்கத்தின் ஆசையும் சேர்ந்த கதை இது என்று சொல்லுங்கள்; தேர்வில் 1453 என்றே எழுதட்டும், மதிப்பெண்ணோடு நாம் விளையாட வேண்டாம்.

உள்ளூரை எங்கே தொடுவது என்பது உங்கள் பள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நீலகிரியில் தேயிலையையும் பெருவிலிருந்து வந்த, மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத்தையும், தரங்கம்பாடியில் 1620இல் வந்த டேனியரையும், செட்டிநாட்டில் பர்மாத் தேக்குத் தூண்களையும், தூத்துக்குடியில் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் தொடலாம். சென்னையில் வேலை பார்ப்பவருக்கு எம்டன் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுபவரை ஏன் எம்டன் என்கிறோம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள், சீனாவின் சிங்தாவ் துறையைத் தளமாகக் கொண்டிருந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு, பினாங்கில் தாக்கி, நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் அழிந்த வழியை வெற்று வரைபடத்தில் வரைந்தால், முதல் உலகப்போர் ஐரோப்பாவில் மட்டும் நடந்ததல்ல என்பதை விளக்கத் தனியாக ஒரு பாடவேளை தேவைப்படாது.

மதிப்பிடுதல்

பத்தாம் வகுப்புக்குப் போகும்போது இடம் குறிக்கும் கேள்விகள் வரும் என்பதால் அந்தப் பயிற்சியைக் கைவிட முடியாது; வாரம் ஐந்து இடம் வீதம் குறிக்கச் சொல்லுங்கள். அதோடு, குறித்த ஒவ்வோர் இடத்துக்கும் கீழே 'ஏன் இங்கே, ஏன் அப்போது' என்று ஒரு வரி எழுதச் சொன்னால் மனப்பாடம் எது, புரிதல் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கடந்த ஆண்டு ஒரு மாணவன் கோழிக்கோட்டைக் குறித்துவிட்டு, 'மிளகு மலையில் விளையும், கப்பல் கடலில் வரும், இரண்டும் பக்கத்தில் இருப்பதால்' என்று எழுதியிருந்தான். மேற்குத் தொடர்ச்சி மலை என்ற பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, பெயரைச் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஆண்டு முடிவில் நூலையும் வெப்பமானிகளையும் திருப்பிக் கொடுக்கும்போது, வண்ணத்தாளில் இரண்டு துண்டுகளை வெட்டி வரைபடத்தோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஜூனில் மறுபடியும் ஒட்ட வேண்டியிருக்கும்.